நட்டின் மேல் நீங்கள் போட்ட கோடு

அக்கா,

மூடியைக் கழற்றியதும் நான் முதலில் பார்த்தது உங்கள் நெயில் பாலிஷைத்தான். எர்த் போல்ட்டின் நட்டில் தொடங்கி, வாஷரில் இறங்கி, மிக்ஸரின் இரும்பு உடம்பு வரைக்கும் ஒரே இழுப்பில் போயிருந்த மெரூன் கோடு. அதன் மேல் தீவனத் தூசி மாவாகப் படிந்திருந்தது. விரலால் துடைத்துப் பார்த்தேன். கோடு எங்கேயும் உடைந்திருக்கவில்லை.

இன்று காலை அதே நிறத்தில் ஒரு புதுப் பாட்டிலைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், டெஸ்ட் மேசையில் எனக்கு இடது பக்கம் நீங்கள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வந்தது நல்ல செய்திதான். நடுவில் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அதைத் தாண்டிப் படித்துவிடுங்கள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்டவள் நான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் கலக்கும் மிக்ஸர் செய்கிற நம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தபோது, மெஷினோடு யாரும் பேச வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. உங்களுக்கு அது பொறுக்கவில்லை. "வாயத் தொறந்தா ஷாக் அடிச்சிருமா புள்ள?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்பீர்கள். நான் சிரிப்பேன். என்னுடைய பங்கையும் சேர்த்து நீங்களே பேசிவிடுவீர்கள்.

கரண்ட் கொண்டுவரும் மூன்று பேஸ் ஒயர்களும் நாளெல்லாம் உழைக்க, பச்சை எர்த் ஒயர் மட்டும் சும்மா கிடக்கிறதே, அது எதற்கு என்று சேர்ந்த புதிதில் எனக்குப் புரியவில்லை. அந்தக் கேள்வியைக்கூட நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரு நாள் டெஸ்ட்டில் ஒரு மோட்டார் கெட்டு, கரண்ட் இரும்பு உடம்பில் ஏறியது. பட்டென்று ஃபியூஸ் போய் மெஷின் நின்றது. அதன் மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டிருந்த உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வழி தவறி வந்த கரண்ட்டைப் பச்சை ஒயர் பிடித்து மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நீங்கள் உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, மெஷினு உழுந்துது, நானு உழுகுல. அவ்வளவுதான் இந்தப் பச்சையோட வேலை" என்றீர்கள்.  

அதற்குப் பிறகுதான் கோடு வந்தது. எர்த் நட்டை இறுக்கி, மீட்டர் வைத்து, இணைப்பு சரி என்று பீப் சத்தம் கேட்டபின் மார்க்கரில் ஒரு கோடு போடச் சொல்லியிருந்தார் ஓனர். எண்ணெய் பட்டால் அந்த மை அழிந்துவிடும். நீங்கள் கைப்பையிலிருந்து நெயில் பாலிஷை எடுத்தீர்கள். நட்டு ஒரு நூல் தளர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்துவிடும், பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது உங்கள் கணக்கு. ஓனர் வந்து பார்த்து, "ஏனம்மிணி, மெஷினுக்கென்ன கல்யாணமா?" என்றார்.

"ஆமாங்க. பொறந்த ஊட்ட உட்டுப் போகுதில்லீங்க?"

பட்டறையே சிரித்தது. ஓனரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கம். கோடு காய்ந்ததும் மெஷினை ஓடவிட்டு, அதன் மூடியில் உள்ளங்கையை வைத்து, குழந்தையைக் கொஞ்சுவது போல "போயிட்டு வா சாமி" என்பீர்கள். பிரஷ்ஷில் மிச்சம் இருப்பதை என் சுண்டுவிரல் நகத்தில் பூசிவிடுவீர்கள். உங்களை மாதிரி மெஷினைத் தொட்டுச் சொல்ல எனக்கும் ஆசைதான். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வேன்.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தீர்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கண் சிவந்து, அப்போதும் ஒரு மெஷினுக்குக் கோடு போட்டு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனீர்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், டெங்கு என்றார்கள். வாரம் முடிவதற்குள் நீங்கள் இல்லை. அந்த நாட்களைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது. என் சுண்டுவிரலில் நீங்கள் பூசியது மட்டும் இருந்தது. நகம் வளர வளர அது மேலே ஏறிக்கொண்டே போனது. நுனிக்கு வந்தபின்னும் நகத்தை வெட்டாமல் வைத்திருந்தேன். கடைசியில் ஒரு நாள் டெர்மினல் பெட்டியில் மாட்டி, தானாகவே உடைந்துபோனது.

அதற்குப் பிறகுதான் சங்ககிரிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து போன் வந்தது. அங்கே தீவனம் கலக்கும் சரசக்கா, கை கழுவிய ஈரத்தோடு மிக்ஸரைத் தொட்டிருக்கிறார். தூக்கி எறிந்துவிட்டது. உள்ளங்கை வெந்து, தோளில் அடி. உயிர் தப்பியதே பெரிது என்றார்களாம்.

அது நீங்கள் கடைசியாகக் கோடு போட்ட மெஷின், அக்கா.

யாரும் உங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். ஓனர் பண்ணைக்காரரிடம் போனில் மெதுவாகத்தான் சொன்னார். "காச்சலோட பாத்துதுங்க அந்தப் புள்ள. எர்த்த எங்கயோ உட்டிருக்கும். பாவம், போயிருச்சு. அதப்போயி என்னத்தச் சொல்றதுங்க." சாப்பிடும்போது எல்லோரும் அதையே சொன்னார்கள். பாவம், பாவம் என்றே சொல்லிச் சொல்லி, தவறு உங்களுடையது என்று முடிவாகிவிட்டது. எனக்கும் பயமாக இருந்தது. உங்கள் கை அன்று எவ்வளவு சூடாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பேச்சு உங்கள் அம்மா காதுக்கும் போய்விட்டது. பஸ் ஸ்டாப்பில் எனக்காகவே காத்து நின்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளையால ஆருக்கோ ஆகிப்போச்சாமே, நெசமா கண்ணு?" என்றார்.  பஸ் வந்தது, கையை விட்டுவிட்டார்.

மறுநாள் மிக்ஸர் வேனில் வந்து இறங்கியது. சர்வீஸ் பார்க்கும் குமரேசன் அண்ணன் மோட்டார் பக்கம் உட்கார, நான் எர்த் பக்கத்து மூடியைக் கழற்றினேன். அப்போதுதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மீட்டரின் ஒரு முனையைக் கேபிளின் பச்சை ஒயரிலும், இன்னொரு முனையை மெஷின் உடம்பிலும் வைத்தேன். பீப் என்று ஒரே சத்தம், விட்டுவிட்டு வரவில்லை. ஒயரை ஆட்டி, இழுத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதே சத்தம். அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

குமரேசன் அண்ணன் மோட்டாருக்குப் போகும் ஒயரைத் தூக்கிக் காட்டினார். "எலிங்க. தீவனம் திங்க வந்தது இதையும் ருசி பாத்திருக்குது." ரப்பர் போய்ச் செம்பு வெளியே தெரிந்தது. அது மெஷின் உடம்பில் உரசியிருக்கிறது.

ஓனர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். "எலி கடிச்சிது, சரி. எர்த்து ஒழுங்கா இருந்தா ஃபியூஸ் போயிருக்கோணுமில்ல? போவுலயே. அப்ப எர்த்துதான் இல்ல."

அவர் சொன்னது சரிதான். ஆனால் மெஷினில் எர்த் இருக்கிறது, கேபிளின் கடைசி வரைக்கும் இருக்கிறது. அப்படியானால் இல்லாமல் போனது கேபிளுக்கு அந்தப் பக்கம், பண்ணையில். இது எனக்குள் அழகாக வரிசையாக வந்துவிட்டது, வெளியேதான் வரவில்லை. ஓனர் திரும்பி நடந்தார். ஒயரை மாற்றி அனுப்பிவிடலாம் என்று குமரேசன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டே போனார். அனுப்பினால் அதே இடத்துக்குத்தான் போகும், அதே சரசக்காவிடம்.

"பண்ணையில பாக்கோணுங்க" என்றேன்.

ஓனர் யார் பேசியது என்று சுற்றிப் பார்த்தார். குமரேசன் அண்ணன் என்னைக் கை காட்டினார். நான் மீட்டரை மறுபடியும் வைத்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். அதற்கு மேல் பேச எனக்கு வரவில்லை, நல்லவேளையாக மீட்டர் பேசியது. ஓனர் குனிந்து உங்கள் கோட்டைப் பார்த்தார். "போயிப் பாத்துட்டு வாங்க ரெண்டு பேரும்" என்றார்.

பண்ணை ஒரு பாறைக் கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. இரும்புக் கேட்டின் கொண்டியை நான்தான் திறந்தேன். வெயிலில் காய்ந்த கொண்டி உள்ளங்கையைச் சுட்டுவிட்டது. சரசக்கா கையில் கட்டோடு கொட்டாய்க்கு வெளியே நின்றார். பண்ணைக்காரர் வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"எர்த்தெல்லாம் நம்முளுது பக்காங்க. போரு பைப்புலயே குடுத்திருக்கறமுங்க. அத்தனை அடி உள்ள போகுது. அதுக்கு மேல என்னங்க வேணும்?"

நம் பக்கத்தில் யார் தனியாக எர்த்துக்குக் குழி வெட்டுகிறார்கள், சொல்லுங்கள். தண்ணீருக்குப் போர் போடும்போது மண்ணுக்குள் இறங்குகிற இரும்பு பைப்பிலேயே ஒயரைக் கட்டிவிடுவோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் அதேதான் என்று நினைக்கிறேன். அதனால் குமரேசன் அண்ணனும் தலையாட்டிவிட்டு, சுவிட்ச் போர்டில் ஒயர்களைப் பார்க்கப் போய்விட்டார். நான் மட்டும் போர் பக்கம் போனேன்.

புதுக் குஞ்சு விடும்போதெல்லாம் பண்ணையில் கண்ணில் படுவதற்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்களே, போர் பைப்பையும் விடவில்லை. வெள்ளை வெளேரென்று நின்றது. எர்த் ஒயரைப் பைப்போடு பிடித்திருந்த கிளாம்ப் புதிதாக இருந்தது. தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க பைப்பைக் கையால் பிடித்துக்கொண்டு கிளாம்பை ஆட்டினேன். நல்ல இறுக்கம். குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கேயே நின்றேன். என்னவோ ஒன்று சரியில்லை என்று மட்டும் தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

பிறகு என் கையைப் பார்த்தேன். கேட்டுக் கொண்டி சுட்ட அதே கை. அதே வெயிலில் நிற்கிற பைப்பை இவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், சுடவில்லை.

நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினேன். உள்ளே நீலம்.

"அண்ணா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. வாயைத் திறந்தால் ஷாக் அடித்துவிடுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுந்தது. "அண்ணா! இது பிளாஸ்டிக்குங்க!"

பண்ணைக்காரர்தான் முதலில் வந்தார். இடுப்பில் இருந்த சாவியை எடுத்துச் சுரண்டினார். நீலம் பெரிதாகிக்கொண்டே போனது. பழைய போர் வற்றிப்போய், போன கோடையில் ரிக் வண்டி வந்து புதுப் போர் போட்டிருக்கிறது. அதற்கு இறக்கியது பிளாஸ்டிக் பைப். "வத்துன போருல எர்த்து நிக்காது, தண்ணி இருக்கற எடத்துலதான் நல்லா இருக்கும்னு நானே நின்னு இந்தப் பக்கத்துக்கு மாத்திக் கட்டினனுங்க" என்றார். நன்றாக இருக்கட்டும் என்று யோசித்து, பொறுப்பாகக் கிளாம்ப் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் குழாயில் எர்த்தைக் கட்டி வைத்திருக்கிறார். சுண்ணாம்பு அடித்தபின் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு தடவை சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏனுங்க குமரேசு, அப்ப மோட்டாரு, ஃபேனு, ஊடு, அத்தனையும்?"

"அத்தனையுந்தானுங்க."

மனிதர் வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். மெயின் சுவிட்ச்சை அணைத்தார். கொட்டாயில் ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்று, கோழிகளின் சத்தம் மட்டும் பெரிதாக எழுந்தது.

சரசக்கா இருந்த இடத்திலிருந்தே கேட்டார். "எலி கடிச்சதுக்கு எலியக் கேக்கலாம். இதுக்கு நானு ஆரைக் கேக்கறதுங்க?"

"என்னையத்தான் கேளு சரசு" என்றார் பண்ணைக்காரர். "ஊட்டுல பேரப்புள்ளைக வேற ஓடுதுக."  சரசக்கா அதோடு விட்டுவிட்டார்.

குமரேசன் அண்ணன் ஓனருக்குப் போன் போட்டு, மணி அடிக்கும்போதே என் கையில் கொடுத்துவிட்டார். "நீதான பாத்த, நீயே சொல்லு."

"அக்கா போட்டது சரியாத்தானுங்க இருந்துது" என்றேன். பைப்பைப் பற்றியெல்லாம் அப்புறம்தான் சொன்னேன். ஓனர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி சாமி. அவுங்கம்மாகிட்ட நானே போயிச் சொல்றேன்" என்றார்.

"நானே போறனுங்க" என்றேன். இப்படியெல்லாம் நான் சொல்வேன் என்று நீங்கள் நம்பமாட்டீர்கள்.

உங்கள் வீட்டில் அம்மா தனியாக இருந்தார். வட்டலில் சோறு போட்டு, குழம்பும் ஊற்றி, சாப்பிடாமல் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எலி, கோடு, பீப் சத்தம், நீல பைப். பாதி அவருக்குப் புரியவில்லை. "அப்ப எம் புள்ள மேல ஒன்னுமில்லையா?" என்றார். "ஒன்னுமில்லைங்கம்மா" என்றேன். "இன்னொருக்கா சொல்லு." சொன்னேன். வட்டலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார். எனக்கும் ஒரு வட்டலில் போட்டார். குழம்பில் உப்பே இல்லை. அப்படியே இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, உங்களுக்காக முதல் தடவையாக நன்றாக அழுதேன். அதுவரை அழுகையில் பயமும் கலந்திருந்தது. அன்று அது இல்லை.

பட்டறையில் இப்போது மோட்டார் ஒயருக்கு இரும்புச் சுருள் குழாய் போடுகிறோம், எலி பல்லை வைத்துப் பார்க்கட்டும். "மெஷின எறக்கற எடத்துல அவுங்க எர்த்தையும் பாத்துட்டுத்தான் வரோணும், இல்லாட்டி ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கப்படாது" என்று ஓனர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மேசையில் இருந்த உங்கள் பாட்டில் அடிவரை காய்ந்துவிட்டது. கடையில் அதே நிறம் கேட்டபோது, அந்தப் பெண் நான்கைந்து மெரூன்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் சுண்டுவிரலில் பூசிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

இன்று அந்த மிக்ஸர் பண்ணைக்குத் திரும்பப் போனது. ஒயர் புதிது. எர்த் நட்டைக் கழற்றித் துடைத்து மறுபடியும் இறுக்கினேன். உங்கள் கோட்டை அழிக்க மனம் வரவில்லை. பழைய நட்டு பழைய இடத்திலேயே வந்து நின்றது, உங்கள் கோட்டின் மேலேயே என் கோட்டை இழுத்தேன். வேனில் நானும் குமரேசன் அண்ணனும் போனோம். பண்ணைக்காரர் எர்த்துக்கென்றே தனியாகக் குழி வெட்டி, இரும்புக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் போட்டு, தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். கரண்ட் லீக்கானால் உடனே விழுகிற சுவிட்ச்சும் போர்டில் மாட்டியிருந்தார். குமரேசன் அண்ணன் அந்த லீக் சுவிட்ச்சுக்கு முன்னால் வரும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் பல்பை வைத்தார். பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிந்தது. லீக் சுவிட்ச்சின் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. பண்ணைக்காரர், "இன்னொருக்கா அமுத்துங்க" என்று கேட்டு, மறுபடியும் விழவைத்துப் பார்த்துக்கொண்டார்.

மிக்ஸர் ஓடத் தொடங்கியது. சரசக்கா கொட்டாய் வாசலிலேயே நின்றார். கட்டுப் பிரித்த கையை இன்னொரு கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"வா சரசு, எல்லாம் சரியாயிப்போச்சு" என்றார் பண்ணைக்காரர்.

"நீங்க அப்பவும் பக்கான்னுதான் சொன்னீங்க" என்றார் சரசக்கா.

 நான் மீட்டரைக் கீழே வைத்துவிட்டு மெஷின் பக்கம் நடந்தேன். மூடியின் மேல் உள்ளங்கையை முழுவதுமாக வைத்தேன். அதன் அதிர்வு மட்டும் கைக்கு வந்தது. போயிட்டு வா என்று சொல்ல முடியாது, போகப்போவது நாங்கள்தானே. அதனால், "இருந்துக்கோ சாமி" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. சரசக்கா வாசலைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தார். அவர் பக்கத்தில் வந்து சேரும்வரை நான் கையை எடுக்கவில்லை.